நுனி உடைந்த மடக்குக் கத்தி: அலகைக் கழற்ற வேண்டுமா?

கேள்வி: அப்பா வளைகுடாவிலிருந்து கொண்டுவந்த மடக்குக் கத்தி ஒன்று முப்பது வருடமாக வீட்டில் இருக்கிறது. அலகில் 'ஸ்டெயின்லெஸ்' என்று பொறித்திருக்கிறது. பெயின்ட் டப்பா மூடியை நெம்பியதில் நுனி 8 மி.மீ. அளவுக்கு உடைந்துவிட்டது. அலகும் லேசாக ஆடுகிறது, பிடியில் ஒரு விரிசல். நான் வீட்டுத் தோட்டத்தில் மாங்கன்றுகளுக்கு ஒட்டுக் கட்டுகிறவன். சாணைக் கடைக்காரர் ஒருவர், "அலகைக் கழற்றி, நுனிக்கு வெல்டு வைத்து, தோய்ச்சல் ஏற்றி, மரப்பிடி போட்டு ஒட்டுக் கத்தியாக்கித் தருகிறேன், 650 ரூபாய்" என்கிறார். கொடுக்கலாமா? (தென்காசி வாசகர்)

பதில்: கொடுக்காதீர்கள். அவர் சொன்ன நான்கு வேலைகளில் இரண்டு உங்கள் கத்தியைக் கெடுக்கும், மற்ற இரண்டும் தேவையே இல்லை. அலகைக் கழற்றாமல், கத்தி இருக்கிற இடத்திலேயே நுனியைத் திருத்திக்கொண்டால் போதும். ஒட்டுக் கட்ட ஊசி முனை வேண்டியதில்லை. நேரான, கூரான வாய் இருந்தால் வேலை முடிந்தது.

வெல்டு வைப்பதைப் பற்றி முதலில் சொல்கிறேன், வருடக்கணக்காக இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. கத்தி அலகு கெட்டியாக இருப்பது அதற்கு ஏற்றிய தோய்ச்சலால், அதாவது பழுக்கக் காய்ச்சி முக்கிக் கெட்டிப்படுத்தியதால். வெல்டு வைக்கும் இடத்தில் இரும்பு உருகுகிறது. அதைச் சுற்றியுள்ள பகுதியில் ஒரு பக்கம் மெழுகு போல இளகும், இன்னொரு பக்கம் கண்ணாடி போல நொறுங்கும். ஒட்டிய நுனி முதல் வாரமே விழும், விழும்போது பக்கத்தில் இருக்கும் நல்ல அலகையும் கொஞ்சம் எடுத்துக்கொண்டு போகும்.

"அதனால்தான் மறுபடி தோய்ச்சல் ஏற்றுகிறேன்" என்பார். அதுதான் பெரிய பொறி. ஊர்க் கொல்லர் லாரி ஸ்பிரிங் பட்டையில் அரிவாள் அடித்து, செந்நிறம் பார்த்து எண்ணெயிலோ தண்ணீரிலோ முக்குகிறாரே, அது சுமார் 800 டிகிரி வேலை. கண்ணே அவருக்கு அளவுகோல், அந்த வேலையில் அவரை யாரும் மிஞ்ச முடியாது. ஆனால் ஸ்டெயின்லெஸ் கத்தி எஃகுக்கு 1000 டிகிரிக்கு மேல் வேண்டும், அந்தச் சூட்டில் கணக்காக நிற்க வைக்கவும் வேண்டும். கரி உலையில் அது நடக்காது. கறுத்துப்போய், பாதி வெந்த அலகுதான் கைக்கு வரும். மேலே பாலீஷ் போட்டுக் கொடுத்தால் ஒரு மாதம் உங்களுக்குத் தெரியாது. அப்படிப் 'புதுப்பித்த' கத்தி ஒன்றை என்னிடம் ஒருவர் கொண்டுவந்தார். கட்டை விரலால் அழுத்தினேன், அலகு வளைந்தது, திரும்பி வரவில்லை. அவருடைய தாத்தாவின் கத்தி அது. என்னால் செய்ய முடிந்தது ஒன்றுமில்லை.

இதில் இன்னொரு கூத்தும் நடக்கிறது. காந்தத்தை அலகில் வைத்துக் காட்டி, "ஒட்டுகிறது பாருங்கள், இது எவர்சில்வரே இல்லை, சாதா இரும்பு, தாராளமாக உலையில் வைக்கலாம்" என்பார்கள். நம்பாதீர்கள். சமையலறைப் பாத்திரங்களில் பெரும்பாலானவற்றில் காந்தம் ஒட்டாது, உண்மை. ஆனால் கத்திக்குப் போடும் ஸ்டெயின்லெஸ் வேறு ரகம், அதில் காந்தம் நன்றாகவே ஒட்டும். காந்தத்தை வைத்து இரண்டையும் பிரிக்கவே முடியாது. எலுமிச்சையால் முடியும். அலகைத் துடைத்துவிட்டு ஒரு சொட்டுச் சாறு விட்டு அரை மணி நேரம் வையுங்கள். சாதா எஃகு என்றால் அந்த இடம் சாம்பலாகவோ கறுப்பாகவோ மாறும். ஸ்டெயின்லெஸ் என்றால் அப்படியே பளபளக்கும்.

இந்த வேலையெல்லாம் உங்கள் தலையில் விழுவதற்குக் காரணம் உண்டு. ஒரு பிஸ்கட் பாக்கெட்டில் என்னென்ன கலந்திருக்கிறது என்று வரிவரியாக அச்சிட வைக்கிறோம். கடையில் விற்கும் கத்திகளில் பெரும்பாலானவற்றில் 'ஸ்டெயின்லெஸ்' என்ற ஒரே சொல்தான். என்ன ரகம், எவ்வளவு கெட்டி, உடைந்தால் உதிரிப் பாகம் எங்கே கிடைக்கும் என்று எதுவும் இல்லை. விற்பவருக்கும் தெரியாது, கேட்டால் கோபம் வருகிறது. எஃகின் ரக எண் ஒன்றைப் பொறித்திருந்தால் இந்த ஏமாற்றில் பாதி நடக்காது.

சாறு விட்ட இடம் கறுத்தால் மட்டும் கதை வேறு. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்தில் ஹாரி பிரேர்லி என்ற உலோகவியலாளர் துருப்பிடிக்காத எஃகை உருக்கியதே 1913-ல்தான். அதற்கு முந்தைய பேனாக்கத்திகள் எல்லாம் சாதா எஃகு, பிந்தையவற்றிலும் நிறைய அப்படித்தான். அந்த ரகமாக இருந்தால் தேர்ந்த கொல்லர் தோய்ச்சல் ஏற்றலாம். அப்போதும் உடைந்த துண்டை ஒட்டச் சொல்லாதீர்கள். அலகு முழுவதும் சூட்டால் பதம் கெட்டிருந்தால் மட்டும் கொடுங்கள். அலகில் மயிரிழை விரிசல்கூட இருக்கக் கூடாது, இருந்தால் முக்கும்போது பிளக்கும். முக்கி எடுத்த பிறகு அடுப்பில் மிதமாகச் சூடுகாட்டி வைக்கோல் நிறம் வரும்வரை இளக்குவாரா என்று கேளுங்கள். அது 220 டிகிரி வாக்கில் நடப்பது. "முக்கினால் போதும்" என்பவரிடம் கொடுக்க வேண்டாம், இளக்காத எஃகு கீழே விழுந்தாலே தெறிக்கும். உங்கள் அலகில் ஸ்டெயின்லெஸ் என்று பொறித்திருப்பதால் இது உங்களுக்கு அநேகமாகப் பொருந்தாது. ஆனாலும் எலுமிச்சைச் சோதனையைச் செய்துவிடுங்கள், பொய்ப் பொறிப்பும் சந்தையில் உண்டு.

இனி உங்கள் வேலை. இரண்டு பக்கம் உள்ள கார்பரண்டம் தீட்டுக்கல் ஒன்று வாங்குங்கள், 650 ரூபாயில் பாதிகூட ஆகாது. நுனியைத் திருத்தும்போது பலரும் செய்கிற தப்பு, வாய்ப் பக்கத்தைத் தேய்த்து மேலே ஏற்றுவது. அப்படிச் செய்தால் புது நுனி முதுகின் மட்டத்துக்கு வந்துவிடும், கத்தியை மடக்கினால் அது பிடிக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். சட்டைப் பையில் கை விடும்போது தெரியும். மடக்குக் கத்தியில் எப்போதும் முதுகைத்தான் தேய்க்க வேண்டும். முதுகிலிருந்து சரிவாகக் கீழே இறக்கி, வாயின் கோட்டைப் போய்த் தொடுங்கள். மார்க்கர் பேனாவால் அலகின் மேல் அந்தச் சரிவை வரைந்துகொண்டு, கல்லின் சொரசொரப்பான பக்கத்தில் தண்ணீர் விட்டுத் தேயுங்கள். ஒன்றிரண்டு மணி நேரம் ஆகும், ஆகட்டும். ஒவ்வொரு பத்து இழுப்புக்கும் மடக்கிப் பாருங்கள், நுனி பிடிக்குள் முழுதாக மறையும்போது நிறுத்துங்கள்.

சாணை மிஷினில் பிடித்தால் ஐந்து நிமிடம்தானே என்று தோன்றும். அந்தச் சக்கரம் நிமிடத்துக்கு 2,800 சுற்று சுற்றுகிறது. வாயோரம் ஒரு தாள் கனம்கூட இல்லை, சூடு போக இடமில்லாமல் சில நொடிகளில் எரிந்துவிடும். சாதா எஃகில் 300 டிகிரிக்கு நீல நிறம் வரும். ஸ்டெயின்லெஸ்ஸில் நீலம் தெரிய அதைவிட வெகு அதிகச் சூடு வேண்டும், ஆகவே அதில் நீலம் கண்டால் அந்த இடத்தின் பதம் போனது போனதுதான். மிஷினில்தான் செய்வேன் என்று யாராவது நின்றால், கையுறை இல்லாமல் அலகைப் பிடிக்கச் சொல்லுங்கள். விரல் பொறுக்காத சூடு வந்ததும் தண்ணீரில் முக்க வேண்டும். கண்ணாடி அணிவது கட்டாயம்.

ஒட்டுக் கத்தியின் வாய் ஒரு பக்கம் தட்டையாகவும் மறுபக்கம் சரிவாகவும் இருந்தால் வெட்டு பிசிறில்லாமல் வரும். எந்தப் பக்கம் தட்டை என்று குழம்ப வேண்டாம். வேண்டாத மாங்குச்சி ஒன்றை எடுத்து, வழக்கம்போல் ஒரு சீவு சீவுங்கள். அலகின் எந்த முகம் சீவிய குச்சியின் மேல் படிந்து போகிறதோ, அதில் ஒரு புள்ளி வையுங்கள். அந்த முகத்தைக் கல்லில் படுக்கப் போட்டு லேசாகத் தேய்த்தால் போதும். மீதித் தீட்டல் எல்லாம் மறுமுகத்தில். இரண்டு மூன்று முறை தீட்டும்போது வாய் தானாகவே அந்த வடிவத்துக்கு வந்துவிடும். வாயின் அடியில், பிடியை ஒட்டிக் கூரில்லாத சிறு மேடு ஒன்று இருக்கும். அதைத் தொடவே தொடாதீர்கள். மடக்கும்போது வாய் உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கில் மோதாமல் காப்பது அந்த மேடுதான். அதைத் தேய்த்துவிட்டு, "தீட்டத் தீட்டக் கூர் நிற்கவில்லை" என்று வருகிறவர்கள் அநேகம்.

மரப்பிடி போட்டு நிலைக் கத்தியாக்கும் யோசனை ஏன் வேண்டாம் என்றால், மடக்கு அலகின் வால் ஒரு ஆணித்துளை அளவுதான். ஒற்றை ஆணியில் பிடி சுழலும். இன்னொரு துளை போடச் சாதாரண டிரில் பிட் ஏறாது. ஒன்றரை செ.மீ. அலகைப் பிடிக்குள் புதைக்க வேண்டிவரும், ஏற்கெனவே 8 மி.மீ. போய்விட்டது.

அலகின் ஆட்டத்துக்கு மருந்து, அது சுழலும் ஆணியின் தலையில் இருக்கிறது. முதலில் அலகைத் திறந்து, ஆணிக்குப் பக்கத்தில் வெளிச்சத்தில் பாருங்கள். அங்கே விரிசல் ஓடினால் கத்தியைப் பயன்படுத்தாதீர்கள். விரிசல் இல்லையென்றால், இரும்புத் துண்டின் மேல் கத்தியைப் படுக்க வைத்து, ஆணித் தலையின் ஓரத்தைச் சுற்றிச் சிறு சுத்தியலால் மெதுவாகத் தட்டுங்கள். நான்கு தட்டு, ஒருமுறை திறந்து மூடிப் பார்ப்பது, மறுபடி நான்கு தட்டு. இறுகிவிட்டால் திரும்பத் தளர்த்துவது கடினம். பிறகு தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு. தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளடைவில் பிசுபிசுக்கும். ஒட்டுக் கட்டும்போது ஒரு மரத்தின் நோய் அடுத்ததற்குத் தொற்றாமல் மரத்துக்கு மரம் ஸ்பிரிட் தொட்டு அலகைத் துடையுங்கள். பிளீச்சிங் பவுடர் தண்ணீரில் மட்டும் போடாதீர்கள், ஸ்டெயின்லெஸ்ஸிலும் அது குழி விழ வைக்கும்.

ஆணி தட்டும் வேலை முடிந்த பிறகுதான் பிடியின் விரிசல். அரால்டைட்டின் இரண்டு குழாயிலிருந்தும் சம அளவு எடுத்துக் குழைத்து, விரிசலுக்குள் பல்குச்சியால் இறக்கி, நூலால் இறுக்கிக் கட்டிவையுங்கள். சுழலும் ஆணிப் பக்கம் பசை வழியாமல் மெழுகு தடவிக்கொள்ளுங்கள். ஒரு முழு நாள் ஆறட்டும், அதுவரை கத்தியைத் திறக்க வேண்டாம்.