பேனலில் பெயர் மாறினால் உரிமை மாறிவிடுமா?

கேள்வி: மயிலாப்பூரில் நானும் என் நாத்தனாரும் கொலு பொம்மை விற்கிறோம், சிங்கப்பூருக்கும் அனுப்புகிறோம். வேளச்சேரியில் இருக்கும் ஒரு தம்பி எங்களுக்கு இணையதளம் செய்துகொடுத்து, மூன்று ஆண்டுகளாகத் தன் ஹோஸ்டிங் கணக்கிலேயே (தளத்துக்கு இடம் தரும் சர்வர் கணக்கு) வைத்திருந்தார். போன மாதம் தனிக் கணக்கு வாங்கி, தளத்தை அதற்கு மாற்றி 'உரிமையாளர்' என்ற இடத்தில் என் பெயரைப் போடச் சொன்னோம். போட்டுவிட்டார். அன்று இரவிலிருந்து தளத்தைத் திறந்தால் '500' என்ற பிழைதான் வருகிறது. ஆர்டர் மின்னஞ்சல்களும் வருவதில்லை. கேட்டால், பழைய பாக்கி 18,000 ரூபாயும், சரிசெய்ய 40,000 ரூபாயும் வைத்தால்தான் தொடுவேன் என்கிறார். டொமைன் (தளத்தின் இணைய முகவரிப் பெயர்) அவர் பெயரில் இருப்பதும் இப்போதுதான் தெரிந்தது. நவராத்திரிக்கு ஐந்து வாரம்தான் இருக்கிறது. போலீசில் புகார் கொடுக்கலாமா?

பதில்: கொடுக்கலாம். ஆனால் இன்றைக்கு வேண்டாம்.

வீடு வாங்கியவர் மின் இணைப்பைத் தன் பெயருக்கு மாற்றிக்கொள்வார். அட்டையில் அவர் பெயர் வந்துவிடும். ஆனால் வீடு யாருடையது என்று கேட்டால் கிரயப் பத்திரத்தைத்தான் எடுத்துக் காட்ட வேண்டும். சிபேனல், பிளெஸ்க் போன்ற, ஹோஸ்டிங் கணக்கை நிர்வகிக்கும் பேனல்களில் வரும் 'உரிமையாளர்' அந்த மின் அட்டைப் பெயர் மாதிரிதான். சாவி யாரிடம் இருக்கிறது என்பதற்கு மேல் அது எதையும் சொல்வதில்லை. டொமைன் வேறு, தளத்தின் கோப்புகளும் நிரலும் வேறு. தம்பி உங்களுக்கு மாற்றிக் கொடுத்தது சாவியை மட்டும்.

முதலில் பழுதைப் பார்ப்போம், அதில் சட்டம் குறைவு. கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய பேனல் திரையின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கோப்புப் பட்டியலில், ஒவ்வொரு கோப்பின் எதிரிலும் இன்னும் பழைய கணக்கின் பயனர் பெயரே நிற்கிறது. லினக்ஸ் சர்வரில் கணக்குக்கு ஓர் உரிமையாளர் என்றால், உள்ளே ஒவ்வொரு கோப்புக்கும் தனியாக ஓர் உரிமையாளர் உண்டு. கணக்கை மாற்றியவர் கோப்புகளை மாற்றாமல் விட்டால், சர்வர் அவற்றை இயக்க மறுத்து 500 என்று முகத்தைத் திருப்பிக்கொள்ளும். தரவுத்தளத்தின் பயனர் பெயரும் பழைய கணக்கின் பெயரோடுதான் தொடங்குகிறது. அமைப்புக் கோப்பில் அதையும் திருத்த வேண்டியிருக்கலாம். கணக்கு உங்கள் பெயரில் இருப்பதால் ஹோஸ்டிங் நிறுவனத்தின் உதவிப் பிரிவிடம் நீங்களே கேட்கலாம். 40,000 ரூபாய் வேலை அல்ல இது. அதற்கு முன் தளம் முழுவதையும் ஒரு பிரதி எடுத்து வைத்துவிட்டு, எல்லாக் கடவுச்சொற்களையும் மாற்றுங்கள்.

மின்னஞ்சல் கதை வேறு. அஞ்சல் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்பதை டொமைனின் எம்எக்ஸ் பதிவு சொல்கிறது. அது பழைய சர்வரையே காட்டினால், உங்கள் ஆர்டர்கள் அங்கேதான் குவிந்துகொண்டிருக்கும். அதை மாற்ற டொமைன் கையில் இருக்க வேண்டும். முடிச்சு இங்கேதான் விழுந்திருக்கிறது.

பாக்கி இருக்கும்போது டொமைனைப் பிடித்து வைத்துக்கொள்ள அவருக்கு உரிமை உண்டா? இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இன் 170-ஆவது பிரிவில் ஓர் உதாரணம் வரும்: பட்டை தீட்டக் கொடுத்த வைரத்தை, கூலி தரும்வரை நகை வியாபாரி வைத்துக்கொள்ளலாம். தம்பி அந்தப் பிரிவைப் படித்திருக்க மாட்டார், ஆனால் மனதில் அதே நியாயம்தான் ஓடுகிறது. அது ஒப்படைக்கப்பட்ட பொருளுக்குச் சொன்னது. உங்கள் கடைப் பெயரில் அவர் பதிவு செய்த டொமைன் அப்படிப்பட்ட பொருள் அல்ல என்பது என் கருத்து. டொமைன் பெயருக்கும் வணிகக் குறிக்குரிய பாதுகாப்பு உண்டு என்று 2004-இல் சத்யம் இன்ஃபோவே வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பில் புத்தகம், பொம்மைப் பெட்டி, பழைய விளம்பரம் என்று கடைப் பெயர் இருக்கும் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள்.

அதே நேரம், 18,000 ரூபாய் உண்மையிலேயே பாக்கி என்றால் கொடுத்துவிடுங்கள். வங்கி வழியாக, 'இன்ன வேலைக்கான முழுப் பாக்கி' என்று எழுதிக் கொடுங்கள். கைச்சுத்தமாக நீதிமன்றம் போவது எப்போதும் நல்லது.

இனி போலீஸ். ஒப்படைத்த பிறகும் பழைய கடவுச்சொல்லால் உள்ளே நுழைந்தாலோ, எதையாவது அழித்தாலோ, உங்களை நுழையவிடாமல் தடுத்தாலோ தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000-இன் 43, 66 பிரிவுகள் பொருந்தும்: மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆனால் 66-க்கு நேர்மையின்மையோ மோசடி நோக்கமோ வேண்டும். மாற்றத்தில் விடுபட்ட வேலையை மட்டும் காட்டி வேப்பேரி போலீஸ் கமிஷனர் அலுவலகத்துக்குப் போனால், 'இது சிவில் விவகாரம்' என்று திருப்பி அனுப்புவார்கள்; அந்தப் பதிலில் தவறும் இல்லை. பேனலில் கடைசி நுழைவுகளின் பதிவு இருந்தால் இன்றே சேமியுங்கள். அழியக்கூடியது அதுதான். நீதிமன்றத்தில் மின்னணுச் சான்றாக வைக்க, பாரதிய சாக்ஷிய அதிநியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63-ஆவது பிரிவுப்படி சான்றிதழ் இணைக்க வேண்டும்.

இதற்கிடையில் ஏழு நாள் கெடு வைத்து வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள். டொமைனை இப்போதுள்ள பதிவு நிறுவனத்திலேயே உங்கள் பெயருக்கு மாற்றக் கேளுங்கள். வேறு நிறுவனத்துக்கு நகர்த்துவதைப் பண்டிகைக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம். பதிவுதாரர் பெயர் மாறினால் பொதுவாக 60 நாள் பூட்டு விழும், அவசரப்பட்டால் நடுவில் சிக்கிக்கொள்வீர்கள். நோட்டீசுக்கு மசியவில்லை என்றால் உயர் நீதிமன்ற வளாகத்திலுள்ள நகர உரிமையியல் நீதிமன்றத்தில் இடைக்கால உத்தரவு கேட்கலாம்.

நோட்டீசில் இன்னொரு கோரிக்கையும் சேருங்கள்: நிரலுக்கும் வடிவமைப்புக்கும் பதிப்புரிமையை எழுத்து மூலம் மாற்றித் தர வேண்டும். பணம் கொடுத்துவிட்டதாலேயே அது உங்களுடையதாகிவிடாது. மாற்றித் தரும் பத்திரத்தில் கால அளவு எழுதாவிட்டால் ஐந்து ஆண்டுக்குத்தான் செல்லும், பரப்பு எழுதாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும். நீங்கள் சிங்கப்பூருக்கும் பொம்மை அனுப்புகிறீர்கள், ஆகவே இரண்டையும் எழுதி வாங்குங்கள்.

டொமைன் எந்தத் தேதியில் காலாவதியாகிறது என்று இன்றே பாருங்கள். நவராத்திரிக்கு முன் என்றால், புதுப்பிக்கும் பொறுப்பு அவருடையது என்பதையும், அதற்கான கட்டணத்தை நீங்கள் தரத் தயார் என்பதையும் நோட்டீசின் முதல் பத்தியிலேயே எழுதச் சொல்லுங்கள்.