ஆடியோ சிஸ்டத்துக்கு எத்தனை தனி லைன் இழுக்க வேண்டும்?

வீட்டுக்குப் புது வயரிங் செய்யும்போது ஆம்ப்ளிஃபயர், சப்வூஃபர், டிவி ஒவ்வொன்றுக்கும் தனித்தனி லைன் இழுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். ஒரு தனி லைன் போதும். எல்லாவற்றையும் அதிலேயே மாட்டுங்கள்.

தண்டையார்பேட்டையில் எங்கள் ஹால் பிளக்கும் ஃபிரிட்ஜும் ஒரே லைனில் இருந்தன. கம்ப்ரெசர் நிற்கும்போதெல்லாம் ஸ்பீக்கரில் 'டக்' என்று விழும். ராத்திரி அப்பா சத்தத்தைக் குறைத்து வைத்துப் பாட்டு கேட்கும் நேரத்தில் அது விழுந்தால் மனசே விட்டுப்போகும். டிபி பாக்ஸிலிருந்து (வீட்டு லைன்கள் எல்லாம் பிரியும் பெட்டி) நேராக 2.5 ஸ்கொயர் எம்.எம். செம்பு ஒயர் இழுத்து, 16 ஆம்பியர் எம்.சி.பி. (கரண்ட் மிஞ்சினால் தானே விழுந்து லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) போட்டோம். 230 வோல்ட்டில் அது 3,680 வாட் வரை தாங்கும். வீட்டு சிஸ்டம் அதில் பாதிகூட இழுக்காது. எம்.சி.பி. 'சி' வகையாக இருக்கட்டும். பெரிய டிரான்ஸ்ஃபார்மர் உள்ள ஆம்ப்ளிஃபயர் ஆன் செய்த நொடியில் நிறைய கரண்ட் இழுக்கும், 'பி' வகை சில சமயம் விழுந்துவிடும்.

'டக்' போனது. ஆனால் 'ம்ம்ம்' என்ற இரைச்சல் போகவில்லை. ஒவ்வொரு ஒயராகக் கழற்றிப் பார்த்தோம். செட்டாப் பாக்ஸிலிருந்து கேபிள் டிவி ஒயரைப் பிடுங்கியதும் அமைதி! அந்தக் கேபிளின் உறை வெளியே வேறெங்கோ எர்த் ஆகியிருந்தது. இரண்டு எர்த்துக்கு நடுவே ஓடும் சின்னக் கரண்ட்தான் அந்த 50 ஹெர்ட்ஸ் இரைச்சல். மூன்று லைன் இழுத்து மூன்று மூலையில் மாட்டினால் இதே வில்லங்கத்துக்கு நாமே வழி செய்து கொடுக்கிறோம். த்ரீ ஃபேஸ் வீட்டில் அவை வேறு வேறு ஃபேஸிலும் போய் உட்காரும்.

இரைச்சலுக்குப் பயந்து எர்த் பின்னை மட்டும் உடைத்துவிடாதீர்கள். உயிருக்கே ஆபத்து. ஆடியோவுக்கென்று தனி எர்த் குழி தோண்டி, வீட்டு எர்த்தோடு சேர்க்காமல் விடுவதும் அதே அளவு தப்பு.

மிச்சமாகும் பணத்தை வீட்டு எர்த்தில் போடுங்கள். நம் பக்கம் கடலோர உப்பு மண். கரண்ட் சுலபமாக இறங்கும். ஆனால் அதே உப்பு எர்த் குழியில் இருக்கும் ஜி.ஐ. பைப்பையும் (துத்தநாகம் பூசிய இரும்பு பைப்), அதில் எர்த் ஒயரைப் பிடித்திருக்கும் கிளாம்பையும் அரித்துவிடும். எங்கள் கிளாம்ப் கை பட்டதும் உதிர்ந்தது. அதை மாற்றி, கரண்ட் கசிந்தால் உடனே லைனைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் போட்ட பிறகுதான் எனக்கு நிம்மதி.

அப்புறம், சுவர் பூசும் முன்பே ஸ்பீக்கர் ஒயருக்குத் தனி பைப் புதைக்கச் சொல்லுங்கள். கரண்ட் பைப்பிலிருந்து ஓர் அடியாவது தள்ளி.