அம்மா அப்பா கல்யாணப் படங்களை ஸ்கிராப்புக்கில் எப்படி அடுக்குவது?

பத்துப் பன்னிரண்டு படங்களையும் ஒரே பக்கத்தில் கொண்டுவர வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். ஆசை புரிகிறது, ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 12 அங்குலச் சதுரத் தாளில் 4க்கு 6 அளவுப் படங்கள் ஆறு வைத்தாலே இம்மி இடம் மிஞ்சாது. அதனால் இரண்டு மூன்று பக்கங்களாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

அசல் படத்தில் மட்டும் தயவுசெய்து கத்தரி வைக்காதீர்கள். 600 டிபிஐயில் (ஸ்கேனரில் தேர்ந்தெடுக்கும் தெளிவு அளவு) ஸ்கேன் செய்து, பிரிண்ட் போட்டு, அதை வெட்டுங்கள். பின்பக்கம் ஸ்டூடியோ முத்திரையோ தாத்தாவின் கையெழுத்தோ இருந்தால் அதையும் ஸ்கேன் செய்துவிடுங்கள்.

ஒரு பக்கத்துக்கு ஒரு படம்தான் நாயகன். தாலி கட்டும் படத்தை 5க்கு 7 அளவில் இடப்பக்கம் வையுங்கள். வலப்பக்கம் 3 அங்குலச் சதுரமாக மூன்று துண்டுகள், ஒன்றின்கீழ் ஒன்றாக, கால் அங்குல இடைவெளியில்: மருதாணிக் கை, நாதஸ்வரக்காரர், பந்தியில் சிரிக்கும் அத்தை. முகங்கள் பக்கத்தின் உட்புறம் பார்க்கட்டும்; வெளியே பார்த்தால் நம் கண்ணும் வெளியே போய்விடும். சில படங்கள் வெளிறிச் சிவந்திருந்தால் எல்லாவற்றையும் கறுப்பு வெள்ளையில் பிரிண்ட் எடுங்கள், ஒரே குடும்பமாகச் சேர்ந்துகொள்ளும்.

ஒட்டும் முன் அடுக்கிப் பார்த்து போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். அமிலமில்லாத தாள், அமிலமில்லாத பசை வாங்குங்கள். செல்லோடேப் வேண்டவே வேண்டாம், சில வருடத்தில் பழுத்துக் கறையாகிவிடும்.

கீழே பெயர், ஊர், வருடம் எழுத இடம் விடுங்கள். அம்மாவையே எழுதச் சொல்லுங்கள்.