போர்க்காலப் பிரெஞ்சுப் பாடல்களை மேடை நாடகத்துக்காகத் தேடிப் பிடிப்பது எப்படி?

கேள்வி: 1942-43இல் பிரான்சில் நடப்பதாக எழுதிய ஒரு நாடகத்தை மேடையேற்றப் போகிறோம். அந்தக் காலத்துப் பாடல்கள் வேண்டும். யூடியூபில் கிடைக்கும் தொகுப்புகளை நம்பலாமா? வேறு எங்கே தேடுவது?

பதில்:

நம்ப வேண்டாம். நம்பி நான் மாட்டிக்கொண்ட கதையிலிருந்தே தொடங்குகிறேன்.

பிரான்சின் லியோன் நகரில் ஒரு சின்ன அமெச்சூர் நாடகக் குழுவுக்கு ஒலி அமைப்பு பார்த்துக்கொடுக்கிறேன். பகலில் வேறு வேலை, சாயங்காலம் இது. சில வருடங்களுக்கு முன் நாங்கள் போட்ட நாடகம் 1943 பிப்ரவரியில், அப்போது ஜெர்மானியர் பிடியில் இருந்த இதே ஊரில், ஒரு தையற்காரர் வீட்டுச் சமையலறையில் நடக்கிறது. அந்த மாதம் 16ஆம் தேதி இளைஞர்களை ஜெர்மனிக்குக் கட்டாய வேலைக்கு அனுப்பும் சட்டம் வந்தது. தையற்காரரின் மகன் போவானா, மலைக்கு ஓடுவானா என்பதுதான் கதை.

திரை விலகும்போது கிராமபோனில் பாடகி எதீத் பியாஃபின் 'லா வீ ஆன் ரோஸ்' ஓடட்டும் என்று வைத்திருந்தேன். முதல் வரியிலேயே சபைக்கு 'பிரான்ஸ்' என்று தெரிந்துவிடும், அவ்வளவுதான் என் கணக்கு. எடுத்ததும் 'போர்க்காலப் பாடல்கள்' என்று அட்டையில் போட்ட ஒரு தொகுப்பிலிருந்துதான். ஒத்திகை பார்க்க நடிகை ஒருவரின் பாட்டி வந்திருந்தார், தொண்ணூறைத் தொட்ட வயது. முடிந்ததும் என் மேசைக்கு வந்து, "நல்லாத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பாட்டு வந்தப்போ ஜெர்மன்காரங்க ஊரைவிட்டுப் போயிட்டாங்களே" என்றார். பாட்டியின் ஞாபகம் சரி. அது 1945இல் எழுதி, 1946இல் பதிவாகி, 1947இல் வெளிவந்த பாட்டு.

இதே குழியில் விழுந்த நாடகங்களை அதற்குப் பிறகு நிறையப் பார்த்துவிட்டேன். பாடகர் ஷார்ல் ட்ரெனேயின் 'லா மேர்' போர் முடிந்து 1946இல் வந்தது. 'லே ஃபேய் மோர்த்' என்ற உதிர்ந்த இலைகள் பாட்டு, அதே 1946இல் வந்த ஒரு படத்தோடு ஊருக்குத் தெரிந்தது. பியாஃபின் 'நோ, ஜ ந ரகிரெத் ரியான்' 1960. நம் காதுக்கு இவை எல்லாமே 'பழைய பிரெஞ்சுப் பாட்டு', தொகுப்பு போடுகிறவர்களுக்கும் அப்படியே.

இதில் இன்னொரு நுட்பமான சிக்கல் உண்டு. ட்ரெனேயின் 'தூஸ் ஃபிரான்ஸ்' 1943இல் பிறந்த பாட்டுதான். ஆனால் அவர் அதை இசைத்தட்டில் பதிந்தது 1947இல். அதாவது 1943 கடைசியில் நடக்கும் காட்சியில் ஒரு பாத்திரம் அதை முணுமுணுக்கலாம், மேசைமேல் இருக்கும் கிராமபோன் பாடக் கூடாது. எழுதிய வருடம், முதலில் பாடிய வருடம், பதிந்த வருடம் மூன்றும் வேறு வேறு. தேடும்போது மூன்றையும் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

சரி, எப்படித் தேடுவது? பாட்டைத் தேடுவதற்கு முன்னால் ஒரு தாளை எடுங்கள். ஒவ்வொரு காட்சிக்கும் எந்த மாதம், எந்த ஊர், சத்தம் எதிலிருந்து வருகிறது என்று எழுதுங்கள். இந்தக் கடைசிக் கேள்விதான் முக்கியம். இசைத்தட்டா, ரேடியோவா, தெருவில் அக்கார்டியன்காரரா, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளா, பாத்திரம் கழுவுகிற பெண்ணா? ரேடியோ என்றால் எந்த ரேடியோ? பாரிசில் ஜெர்மானியர் கைக்குள் இருந்த ரேடியோ பாரி, ஜெர்மனியோடு ஒத்துப்போன மார்ஷல் பெத்தேனின் விஷி அரசு ரேடியோ, லண்டனிலிருந்து வந்த பிபிசியின் பிரெஞ்சு ஒலிபரப்பு என்று மூன்று இருந்தன. மூன்றில் எது ஓடுகிறது என்பதே அந்த வீட்டைப் பற்றிப் பாதிக் கதையைச் சொல்லிவிடும். லண்டனைக் கேட்பது குற்றம். எனவே ஒலி தணிந்திருக்கும், நடுவில் ஜெர்மானியர் போடும் இரைச்சல் புகுந்துகொண்டே இருக்கும். லண்டன்காரர்கள் 'லா கூகராச்சா' மெட்டில் ஒரு கேலி பாடினார்கள்: 'ரேடியோ பாரி பொய் சொல்லுது, ரேடியோ பாரி ஜெர்மன்காரனுது'. பிரெஞ்சில் அது எதுகையோடு கச்சிதமாக விழும். எங்கள் நாடகத்தில் பையன் அதை வாய்க்குள் பாட, அம்மா கரண்டியால் ஒரு தட்டு தட்டுவாள். சபை ஒவ்வொரு முறையும் சிரித்தது.

தாள் நிரம்பிய பிறகு தேடலாம். முதல் இடம் பிரான்ஸ் தேசிய நூலகத்தின் இணைய நூலகமான காலிக்கா. காசு கிடையாது. ஸ்வரத்தாள்களும் பழைய இசைத்தட்டுப் பதிவுகளும் இருக்கின்றன. ஆனால் எனக்கு அதிகம் உதவியது பாட்டே அல்ல, ஒரு வாரப் பத்திரிகை. ரேடியோ பாரியின் நிகழ்ச்சிகளுக்கென்றே 1941 முதல் 1944 வரை 'லே ஸோந்த்' என்று ஒரு பத்திரிகை வந்தது. எந்த நாள், எத்தனை மணிக்கு, என்ன நிகழ்ச்சி, யார் பாடினார் என்று அதில் பார்க்கலாம். உங்கள் காட்சி நடக்கும் வாரத்தைப் புரட்டினால், அன்று ரேடியோவைத் திருகியவர் காதில் என்ன விழுந்திருக்கும் என்று ஓரளவுக்குப் பிடிபட்டுவிடும். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் எனக்கு அதிலேயே போயின. வீட்டில் திட்டு.

அடுத்தது பழைய சாமான் சந்தை. இங்கே எந்த ஊரிலும் ஞாயிறு காலையில் ஒன்று நடக்கும். அங்கே 'பெத்தீ ஃபோர்மா' என்று கேளுங்கள். அந்தக் காலத்தில் ஒற்றைப் பாட்டை மெட்டோடும் வரிகளோடும் சின்னத் தாளில் அச்சடித்து, முன்னட்டையில் பாடகர் படம் போட்டு விற்றார்கள். தெருப்பாடகர் பாடிக்காட்டி விற்பார், சுற்றி நிற்பவர்கள் வாங்கிக் கூடவே பாடுவார்கள். நம் ஊர்த் தியேட்டர் வாசலில் விற்ற பாட்டுப் புத்தகத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அடியில் பதிப்பு வருடம் இருக்கும். நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய இசைத்தட்டு கிடைத்தால் லேபிளுக்கு வெளியே பள்ளத்தில் பொறித்திருக்கும் எண்ணைப் பாருங்கள். அதை வைத்துத்தான் சேகரிப்பவர்கள் பதிவுத் தேதியைக் கண்டுபிடிக்கிறார்கள். இணையத்தில் கேட்கும்போது இன்னொரு எச்சரிக்கை: அந்தக் காலப் பாடகர்கள் பலர் அதே பாட்டைப் பிற்பாடு புது வாத்தியங்களோடு மறுபடி பதிந்தார்கள். ஒலி இரண்டு காதிலும் பிரிந்து கேட்டால் அது போர்க்காலத்துப் பதிவு அல்ல.

1943 தொடக்கத்துக்கு எந்தத் தயக்கமும் இல்லாமல் பயன்படுத்தக்கூடியவை என்று கேட்டால் என் பட்டியல் சின்னது. ரீனா கெட்டியின் 'ஜத்தாந்த்ரே', 1938. 'காத்திருப்பேன்' என்று பொருள். மூலம் ஒரு இத்தாலியப் பாட்டு, போருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. பிறகு 1940இல் பிரான்ஸ் தோற்று, பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பிரெஞ்சு வீரர்கள் கைதிகளாக ஜெர்மனிக்குப் போனார்கள். அதன் பிறகு அந்த ஒற்றைச் சொல்லை வீட்டில் இருந்த பெண்கள் எப்படிக் கேட்டிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். 1941இல் லியோ மர்ஜான் பாடிய, 'இன்றிரவு நான் தனியே' என்ற பொருள்கொண்ட பாட்டு நேரடியாகவே அந்தப் பெண்களின் குரல்.

கிதார் கலைஞர் ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் 'நுவாஜ்' 1940 டிசம்பர்ப் பதிவு. வரிகளே கிடையாது, வசனத்துக்கு அடியில் வைக்கச் சௌகரியம். லூசியேன் டெலீலின் 'மோன் அமான் த சான் ஜான்' 1942. ஒரு நடன அரங்கில் தொடங்கும் காதலைப் பற்றியது. அது வெளிவந்த காலத்தில் பொது இடத்தில் நடனமாடவே தடை! அந்தத் துள்ளல் மெட்டை ஒரு பெண் சன்னலைச் சாத்திவிட்டுப் போட்டுக் கேட்டால், தடையைப் பற்றி ஒரு வசனமும் தேவைப்படாது. இந்தப் பாட்டுகள் எதிலும் போர் என்ற சொல் வராது. வீட்டில் கேட்கிற பாட்டுக்கு அதுதான் இயல்பு என்று தோன்றுகிறது.

நேரடியான அரசியல் பாட்டுக்கு வந்தால் 'மரேஷால், நூ வுவாலா' இல்லாமல் முடியாது. 'மார்ஷல், இதோ வந்துவிட்டோம்' என்று பெத்தேனைப் புகழ்வது. 1941இல் ஆந்த்ரே தசாரி பாடினார். பள்ளிகளில் பிள்ளைகளைப் பாட வைத்தார்கள். எங்கள் நாடகத்திலும் மேடைக்கு வெளியே பிள்ளைகள் பாடும் சத்தம் சன்னல் வழியாக வரும்.

இதைத் தேடும்போதுதான் எனக்கு ஒரு விஷயம் தெரியவந்தது. அந்த மெட்டு 1933இல் காசிமிர் ஓபெர்ஃபெல்ட் என்பவர் இசையமைத்த 'லா மார்கோத்தோன் து பத்தையோன்' என்ற வேடிக்கைப் பாட்டிலிருந்து எடுத்தது என்கிறார்கள். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் உங்களுக்கே சந்தேகம் இருக்காது. ஓபெர்ஃபெல்ட் யூதர். அவரைக் கைது செய்து ஆஷ்விட்சு வதைமுகாமுக்கு அனுப்பினார்கள். 1945 ஜனவரியில் இறந்துபோனார். அவரைக் கைது செய்த காலத்தில், அவர் மெட்டைச் சாயலாகக் கொண்ட பாட்டை நாடு முழுக்கப் பிள்ளைகள் பாடிக்கொண்டிருந்தார்கள்.

இதை இயக்குநரிடம் சொன்னதும் அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் ஒரு சின்ன மாற்றம் செய்தார். மாடியில் குடியிருக்கும் யூதப் பியானோ ஆசிரியர், பிள்ளைகள் பாடத் தொடங்கியதும், பழைய 1933 பாட்டின் வரிகளை அதன்மேல் மெதுவாகப் பாடுவார். விளக்கம் எதுவும் இல்லை. ஆறு காட்சி போட்டோம், சபையில் யாருக்கும் அது எட்டியதாகத் தெரியவில்லை. இருந்தாலும் அந்த நாடகத்தில் எனக்குப் பிடித்த நிமிடம் அதுதான்.

பாட்டு கையில் வந்த பிறகும் மேடையில் கெடுக்க நிறைய வழி இருக்கிறது. நான் செய்த தப்பு: நடிகர் ரேடியோவைத் திருகிய நொடியிலேயே பாட்டைப் போட்டேன். வால்வு ரேடியோ சூடேற அரை நிமிடம் ஆகும். இப்போது முதலில் முகப்பு விளக்கு எரியும், இரண்டு வசனம் போகும், அதற்குப் பிறகு சத்தம் மெல்ல எழும். அரங்கின் பெரிய ஸ்பீக்கரில் விடவும் கூடாது. சின்ன ஸ்பீக்கர் ஒன்றை அந்த ரேடியோப் பெட்டிக்குள்ளேயே ஒளித்து வையுங்கள். கிராமபோனுக்கும் அதேதான். 78 தட்டின் ஒரு பக்கம் ஏறக்குறைய மூன்று நிமிடம்தான், அதற்குமேல் காட்சி நீண்டால் யாராவது எழுந்துபோய்த் தட்டைத் திருப்ப வேண்டும். நடிகர்கள் முதலில் முணுமுணுப்பார்கள். பிறகு அந்த எழுந்துபோகிற நேரத்தில் அவர்களே ஏதாவது நடிப்பு கண்டுபிடித்துவிடுவார்கள்.

உரிமை விஷயம் சலிப்பானது, ஆனால் விட முடியாது. ஐரோப்பாவில் 1940களின் பதிவுக்கான உரிமை காலாவதியாகிவிட்டது. எழுதியவர், இசையமைத்தவர் உரிமை அப்படி இல்லை. கூட்டாகச் செய்த பாட்டென்றால் கடைசியாக இறந்தவரிலிருந்து 70 வருடம், அதோடு பிரான்சில் இசைக்கு மட்டும் போர் வருடங்களுக்கு ஈடாகக் கூடுதல் காலமும் சேரும். ட்ரெனே இறந்தது 2001இல், நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். இங்கே கேட்க வேண்டிய இடம் சாசெம் என்ற சங்கம். பாட்டுப் பெயரைப் போட்டால் உரிமையாளர் பெயர்கள் வரும் தேடல் வசதி அவர்கள் தளத்தில் உண்டு. நாடகம் போடுவது வேறு நாட்டில் என்றால் அங்குள்ள சட்டத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று. எல்லா இயக்குநருக்கும் முடிவில் 'ஷான் தே பார்த்திசான்' வேண்டும், எங்களவருக்கும் வேண்டியிருந்தது. ஜெர்மன் ஆக்கிரமிப்பை எதிர்த்த இயக்கத்தின் பாட்டு, மயிர் கூச்செறியும், நியாயம்தான். ஆனால் லண்டனில் அன்னா மார்லி போட்டு வைத்திருந்த மெட்டுக்கு ஜோசெஃப் கெசெலும் மொரீஸ் த்ருயோனும் பிரெஞ்சு வரிகள் எழுதியது 1943 மே மாதக் கடைசியில். பிப்ரவரிச் சமையலறையில் அதைப் பாட வழியே இல்லை. மூன்று நாள் சண்டைக்குப் பிறகு 1944இல் நடக்கும் ஒரு பின்காட்சியைச் சேர்த்தோம், அதிலும் வரிகள் வேண்டாம் என்று முடிவு செய்தோம். பிபிசி அந்த மெட்டை விசிலாகத்தான் அடையாள இசையாக ஒலிபரப்பியது. இரைச்சல் போட்டு மறித்தாலும் விசில் அதைத் துளைத்துக்கொண்டு கேட்கும் என்பது காரணம். பிரான்சுக்குள் நிறையப் பேர் அந்த விசிலாகத்தான் முதலில் அதைக் கேட்டிருப்பார்கள்.

எங்கள் குழுவில் ஒழுங்காக விசிலடிக்கத் தெரிந்தவர் விளக்குகளை இயக்குபவர் ஒருவர்தான். அதனால் ஆறு காட்சியிலும் விளக்கு அணைந்து, அவர் கையைத் துடைத்து உதட்டைக் குவிக்கும் வரை இரண்டு மூன்று நொடி வெறும் இருட்டுதான்.