பொருந்திய கேபிள் எல்லாம் சரியான கேபிள் அல்ல

கேள்வி: நானே பாகங்களைத் தேர்ந்தெடுத்து அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர் இது. சமீபத்தில் இரண்டாவதாக ஒரு ஹார்ட் டிஸ்க் சேர்த்தேன். பவர் கேபிள் போதாததால், கழற்றி வைத்திருந்த பழைய எஸ்.எம்.பி.எஸ்.ஸின் (கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் பவர் சப்ளை பெட்டி) கேபிளை எடுத்து மாட்டினேன். கச்சிதமாகப் பொருந்தியது. அன்றிலிருந்து பட்டனை அமுக்கினால் ஃபேன் லேசாக அசைந்து நின்றுவிடுகிறது. பின்பக்க சுவிட்சை அணைத்து, சற்றுப் பொறுத்துப் போட்டால்தான் அந்த அசைவும் வருகிறது. எல்லாக் கேபிள்களையும் கழற்றிவிட்டு, மதர்போர்டில் மாட்டும் பெரிய கனெக்டரின் பச்சை ஒயரையும் கறுப்பு ஒயரையும் இணைத்தால் எஸ்.எம்.பி.எஸ். ஓடுகிறது. மதர்போர்டு போய்விட்டதா?

பதில்: முதல் வேலையாக அந்தப் பழைய கேபிளைக் கழற்றுங்கள். அதுவரை பட்டனைத் தொடவே வேண்டாம்.

கேபிளின் டிஸ்க் பக்க முனைக்குப் பொதுத் தரம் உண்டு. எஸ்.எம்.பி.எஸ். பக்க முனைக்குக் கிடையாது. எந்த முள்ளில் 12 வோல்ட், எந்த முள்ளில் 5 வோல்ட், எது எர்த் என்பதைத் தயாரிப்பாளரே முடிவு செய்கிறார். ஒரே கம்பெனியின் இரண்டு மாடல்களுக்குள்ளேயே இது மாறுவதுண்டு. 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போனால் டிஸ்க் என்ன ஆகும்? இந்த எச்சரிக்கையைப் பெட்டியின் மேலேயே பெரிய எழுத்தில் அச்சிட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

உங்கள் எஸ்.எம்.பி.எஸ். அநேகமாக நன்றாகத்தான் இருக்கிறது. எங்கோ ஷார்ட் ஆவதைக் கண்டு தானாகவே அணைந்துகொள்கிறது. அப்படி அணைந்த பிறகு மின்சாரத்தை முழுக்கத் துண்டித்துக் கொடுத்தால்தான் மீண்டும் எழும். நீங்கள் எழுதியிருக்கும் அறிகுறி அதுவேதான். எதுவும் மாட்டாதபோது ஓடுகிறது, மாட்டினால் அணைகிறது என்றால் கோளாறு பெரும்பாலும் வெளியேதான் இருக்கும்.

புது டிஸ்க்கை அதன் டேட்டா கேபிளோடு சேர்த்து எடுத்துவிட்டு, மற்ற எல்லாவற்றையும் எஸ்.எம்.பி.எஸ்.ஸோடு வந்த கேபிள்களிலேயே இணைத்து ஆன் செய்யுங்கள். ஓடினால் மதர்போர்டு தப்பித்தது. ஓடாவிட்டால் பிராசஸர், அதன் கூலர், ஒரே ஒரு ரேம் மட்டும் வைத்துப் பாருங்கள். அதிலும் அணைந்தால் போர்டை கேபினட்டிலிருந்து வெளியே எடுத்து, ஓர் அட்டைப்பெட்டி மேல் வைத்துச் சோதியுங்கள். போர்டைத் தூக்கிப் பிடிக்க கேபினட்டில் திருகியிருக்கும் பித்தளைத் தாங்கி ஒன்று, பின்புறம் தேவையில்லாத இடத்தில் முட்டிக்கொண்டிருந்தாலும் இதே கூத்துதான் நடக்கும்.

அந்தப் பச்சை-கறுப்பு சோதனையை அளவுக்கு மேல் நம்பாதீர்கள். எஸ்.எம்.பி.எஸ். எழுகிறது என்பது மட்டுமே அதில் தெரியும். சுமையைத் தாங்குமா என்பது தெரியாது. கம்ப்யூட்டர் ஓடத் தொடங்கியதும் மல்டிமீட்டரால் அளந்துவிடுங்கள். 12 வோல்ட் கம்பியில் 11.4 முதல் 12.6 வரையிலும், 5 வோல்ட் கம்பியில் 4.75 முதல் 5.25 வரையிலும் இருக்கலாம். கேம், வீடியோ என்று வேலை கொடுக்கும்போதும் அந்த எல்லைக்குள்ளேயே நிற்க வேண்டும்.

சரி, டிஸ்க்? அதில் முக்கியமான கோப்புகள் இருந்தால் தயவுசெய்து தூக்கி எறியாதீர்கள். பல டிஸ்க்குகளின் சர்க்யூட் போர்டில், பவர் நுழையும் இடத்துக்கு அருகிலேயே டிவிஎஸ் டையோடு என்று சின்னதாக ஒன்று இருக்கும். அதிக வோல்டேஜ் வந்தால் அது தன்னை ஷார்ட் செய்துகொண்டு மற்ற பாகங்களைக் காப்பாற்றும். எஸ்.எம்.பி.எஸ். அணைவதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். அப்படியானால் தேர்ந்த ஒருவர் அந்த டையோடை அகற்றிவிட்டு, சரியான கேபிளில் இணைத்துக் கோப்புகளை மீட்டுவிடக்கூடும்.

கேள்வி: எஸ்.எம்.பி.எஸ். ஃபேன் கரகரக்கிறது. திறந்து ஒரு சொட்டு எண்ணெய் விடலாமா?

பதில்: வேண்டாம். உள்ளே இருக்கும் பெரிய கெபாசிட்டரில் 400 வோல்ட்டுக்கு நெருக்கமாக மின்னூட்டம் நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய உடனே அது போய்விடும் என்று நம்ப முடியாது. வாரன்டி இருந்தால் மாற்றி வாங்குங்கள், இல்லாவிட்டால் பவர் சப்ளை பழுது பார்த்துப் பழகியவரிடம் கொடுங்கள். அதுவரை வெளியிலிருந்து தூசியை மட்டும் ஊதி எடுக்கலாம். ஊதும்போது ஃபேன் இறக்கை சுழலாமல் ஒரு குச்சியால் பிடித்துக்கொள்ளுங்கள்; பிளக் கழற்றியிருக்க வேண்டும், குச்சி மரமாகவோ பிளாஸ்டிக்காகவோ இருக்க வேண்டும்.