மழைக்கு வளையாத ஸ்டேஷன்: மாடல் ரயில் கட்டடம் செய்வதும் வண்ணம் பூசுவதும்

கேள்வி: 8-க்கு 4 அடி பிளைவுட்டில் எச்.ஓ. ஸ்கேலில் (நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு) மாடல் ரயில் லேஅவுட் போட்டு வருகிறேன். பெரம்பூர் ஐ.சி.எஃப். வகைப் பயணிகள் பெட்டிகள் ஓடுகின்றன. எங்கள் பக்கத்துச் சின்ன ஸ்டேஷன் ஒன்றும், கூட்ஸ் ஷெட்டும், கேட் கீப்பர் அறையும் வைக்க ஆசை. ஸ்டேஷனை மவுண்ட் போர்டில் செய்து எனாமல் பெயின்ட் அடித்தேன். ஒரு மழைக்காலம் முடிவதற்குள் சுவர் வளைந்துவிட்டது. பெயின்ட்டும் பளபளவென்று பொம்மைத்தனமாக இருக்கிறது. எதில் செய்வது, என்ன பெயின்ட் அடிப்பது? (கடலூர் வாசகர்)

பதில்: உங்களுக்கு இருப்பது இரண்டு தனித்தனிப் பிரச்சினைகள். முதலில் வளைவைப் பார்ப்போம். மவுண்ட் போர்டு என்னதான் கெட்டியாக இருந்தாலும் காகிதம்தான். காற்றில் உள்ள ஈரத்தை அது உறிஞ்சிக்கொண்டே இருக்கும். வெளிப்பக்கத்தை எனாமல் பூசி அடைத்துவிட்டீர்கள், உள்பக்கம் வெறும் அட்டையாகவே கிடந்திருக்கும். ஈரம் ஏறும்போது ஒரு பக்கம் மட்டும் விரிந்தால் சுவர் வளையத்தான் செய்யும். கடற்கரை ஊரில் அட்டையை விட்டுவிடுவதே நல்லது. விடமுடியாது என்றால் வெட்டிய உடனே, ஒட்டுவதற்கு முன்பே, இரண்டு பக்கமும் ஓரங்களிலும் வார்னிஷ் பூசிவிட வேண்டும்.

சுவருக்கு நான் சொல்வது 3 மில்லிமீட்டர் சன்போர்டு. ஆர்க்கிடெக்சர் மாணவர்கள் மாடல் செய்ய வாங்குகிற அதே பி.வி.சி. ஷீட்தான், விளம்பரப் பலகை செய்யும் கடைகளிலும் கிடைக்கும். காகிதம் ஒட்டிய ஃபோம் போர்டை இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள், அதுவும் ஈரத்துக்கு வளையும். சன்போர்டு தண்ணீரை உறிஞ்சாது என்பது ஒரு காரணம். இன்னொன்று எனக்கு இதைவிட முக்கியம். எச்.ஓ. என்பது 87-ல் ஒரு பங்கு. 3 மி.மீட்டரை 87-ஆல் பெருக்கினால் 26 சென்டிமீட்டர். நம் ஊர்ப் பழைய 9 அங்குலச் செங்கல் சுவரும் இருபுறப் பூச்சும் சேர்ந்தால் ஏறத்தாழ அதே கனம்தான். ஆகவே சன்னல் ஓட்டையை வெட்டி, உள்பக்கத்தில் சன்னலை ஒட்டினாலே நிஜச் சுவரில் தெரிகிற ஆழம் தானாக வந்துவிடும். பொம்மைத்தனம் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது. மெல்லிய சுவரில் வெளியே ஒட்டிய சன்னல் எவ்வளவு நல்ல பெயின்ட் அடித்தாலும் ஸ்டிக்கராகத்தான் தெரியும்.

வெட்டும்போது இரும்பு ஸ்கேலை அழுத்திப் பிடித்து, புது பிளேடால் மெதுவாக மூன்று நான்கு தடவை கோடு போடுங்கள். ஒரே இழுப்பில் அறுக்கப் பார்த்தால் ஓரம் சாயும். மூலைகளை ஃபெவிக்விக் வைத்து ஒட்டி, உள்ளே ஒரு சின்னச் சதுரக் கட்டையை முட்டுக்கொடுங்கள். சன்னல் கண்ணாடிக்கு வைக்கும் ஓ.ஹெச்.பி. ஷீட்டுக்கு (ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள்) மட்டும் ஃபெவிக்விக் வேண்டாம். அதன் ஆவி படிந்து கண்ணாடி வெள்ளையாகப் பூத்துவிடும். அங்கே சாதாரண ஃபெவிகால் போதும். சன்னல் சட்டம், கதவு, கைப்பிடிக் கம்பி போன்ற மெல்லிய வேலைக்கு அரை மி.மீ. ஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக் ஷீட் நல்லது. அது கிடைக்காவிட்டால் காலாவதியான ஏ.டி.எம். கார்டை வெட்டிக்கொள்ளுங்கள், முக்கால் மி.மீ. கனத்தில் அருமையான பி.வி.சி. தகடு.

அளவுக்கு வருவோம். 7 அடிக் கதவு எச்.ஓ.வில் இருபத்தைந்து மி.மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஐந்தரை அடி மனிதர் 19 மி.மீ. ஸ்டேஷன் மாஸ்டரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, கட்டடத்தை நேர் எதிரே நின்று படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மீட்டர் குச்சியைச் சுவரில் சாய்த்து வைத்து எடுத்தால் மற்ற எல்லா அளவும் அந்தப் படத்திலிருந்தே கிடைத்துவிடும். 25 மீட்டர் நீளக் கட்டடம் எச்.ஓ.வில் 29 சென்டிமீட்டர் வரும். உங்கள் ஐ.சி.எஃப். பெட்டி ஒவ்வொன்றுமே இருபத்து நாலரை சென்டிமீட்டர். இடம் போதவில்லை என்றால் கட்டடத்தை மொத்தமாகச் சிறிதாக்காதீர்கள். ஏழு வளைவு உள்ள தாழ்வாரத்தை ஐந்து வளைவாகக் குறையுங்கள். கதவு, சன்னல், கூரை உயரம் மூன்றையும் தொடக்கூடாது. எண்ணிக்கை குறைந்தால் யாரும் கவனிப்பதில்லை, ஆனால் பக்கத்தில் நிற்கும் மனித உருவத்தைவிடக் கதவு குட்டையாக இருந்தால் உடனே கண்ணில் உறுத்தும். வரைபடத்தை உண்மை அளவில் பிரின்ட் எடுத்து, பழைய அட்டையில் ஒட்டி, லேஅவுட்டில் ஒரு வாரம் நிற்கவிடுங்கள். அப்புறம் சன்போர்டில் கை வையுங்கள்.

நடைமேடை விளிம்பில் ஒரு எச்சரிக்கை. அகலப்பாதையின் உயர நடைமேடை தண்டவாளத்திலிருந்து 760 முதல் 840 மி.மீ. வரை இருக்கும், எச்.ஓ.வில் 9 மி.மீ. சுமார். பாதை நடுவிலிருந்து விளிம்புக்கு நிஜத்தில் 1670 மி.மீ., அதாவது மாடலில் 19 சொச்சம். ஆனால் 3245 மி.மீ. அகலமுள்ள ஐ.சி.எஃப். பெட்டிக்கு அந்தக் கணக்கில் பக்கத்துக்கு அரை மி.மீ.தான் மிஞ்சும். மாடலில் அது உரசும். நேர்ப்பாதையில் 21, 22 மி.மீ. விடுங்கள். வளைவில் கணக்கே போடவேண்டாம். உங்களிடம் உள்ள மிக நீளமான பெட்டியின் பக்கவாட்டில் பென்சிலைப் பிடித்துக்கொண்டு தள்ளுங்கள், விழுகிற கோட்டுக்கு வெளியே நடைமேடையைக் கட்டுங்கள்.

கூரைதான் இந்த வேலையில் எனக்குப் பிடித்த பகுதி. லேஅவுட்டை மேலிருந்து பார்க்கிறோம், அதனால் முதலில் தெரிவதே கூரைதான். நம் பழைய ஸ்டேஷன்களில் இருப்பது பெரும்பாலும் சீமை ஓடு எனப்படும் மங்களூர் ஓடு. 1860-களில் பாசல் மிஷன் மங்களூரில் தொடங்கிய தொழிற்சாலை வழியாகத் தென்னிந்தியா முழுக்கப் பரவியது. ஓர் ஓடு சுமார் 41 செ.மீ. நீளம், இருபத்து மூன்றரை செ.மீ. அகலம். ஒன்றின்மேல் ஒன்று ஏறி உட்காருவதால் வெளியே தெரிவது 32-க்கு 21 செ.மீ. அளவுதான். எச்.ஓ.வில் மூன்றே முக்கால் மி.மீட்டருக்கு இரண்டரை மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். விசிட்டிங் கார்டு கனமுள்ள அட்டையை 5 மி.மீ. அகலப் பட்டைகளாக நறுக்கி, ஒரு ஓரத்தில் இரண்டரை மி.மீ.க்கு ஒரு வெட்டு கொடுங்கள். இறவாரத்திலிருந்து தொடங்கி, ஒவ்வொரு பட்டையும் கீழே உள்ளதன்மேல் சற்று ஏறும்படி மேல்நோக்கி ஒட்டிக்கொண்டு போங்கள். அங்கங்கே ஓர் ஓட்டின் முனையை நகத்தால் லேசாகத் தூக்கிவிடுங்கள். ஒட்டி முடித்ததும் கூரை முழுக்க வார்னிஷ் பூசி அட்டையை இறுக்கிவிட வேண்டும்.

இந்தக் கூரைக்கு ஒரே ஆரஞ்சு நிறத்தை அடித்துவிட்டால் இத்தனை உழைப்பும் வீண். பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு நிறத்தில் கொஞ்சம் வெள்ளையும் கொஞ்சம் சாம்பலும் கலந்து அடிநிறம் பூசுங்கள். அதே கலவையில் ஒன்றைக் கருமையாக்கி, ஒன்றைச் சிவப்பாக்கி, ஒன்றை வெளிற வைத்து, சிறிய பிரஷ்ஷால் சிதறலாக ஓடுகளைத் தொட்டுக்கொண்டு போங்கள். ஓரிடத்தில் மட்டும் நாலைந்து ஓடுகள் பளிச்சென்று புதிதாக இருக்கட்டும், உடைந்ததை மாற்றிய இடம் அது. முகட்டு ஓட்டின் இரு பக்கமும் சாந்து பூசிய சாம்பல் கோடு ஒன்று நிஜத்தில் இருக்கும். பலர் இதை விட்டுவிடுகிறார்கள். ஆனால் அந்த ஒரு கோடுதான் கூரையை நம் ஊர்க் கூரையாக்குகிறது.

கூட்ஸ் ஷெட்டுக்குத் தகரக் கூரை. நெளி தகட்டில் ஒரு நெளிவுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 76 மி.மீ., எச்.ஓ.வில் 0.87. எம்-5, அதாவது 5 மி.மீ. விட்டமுள்ள போல்ட்டின் மரை இடைவெளி 0.8. இதைவிடப் பொருத்தமான அச்சு கிடைக்காது. ஹார்டுவேர் கடையில் எம்-5 மரைக் கம்பி ஒரு துண்டு வாங்குங்கள். ஓட்டலில் சாப்பாடு கட்டித் தருகிற அலுமினியப் பெட்டியின் அடிப்பகுதியை வெட்டி, மவுஸ் பேட்மேல் விரித்து, கம்பியைச் சப்பாத்தி தேய்ப்பது போல அழுத்தி உருட்டுங்கள். மரை சுருளாக ஓடுவதால் கோடுகள் மூன்று டிகிரி அளவுக்குச் சாய்ந்து விழும். அதனால் தகட்டின் ஓரத்தைப் பார்க்காமல், விழுந்த கோட்டை ஒட்டியே வெட்டுங்கள். கூரையை ஒரே தகடாகப் போடாமல் 28-க்கு 9 மி.மீ. துண்டுகளாக வெட்டி, ஒரு நெளிவு ஏறும்படி வரிசையாக ஒட்ட வேண்டும். ஆஸ்பெஸ்டாஸ் கூரை என்றால் நெளிவு பெரிது, அதற்கு எம்-10 கம்பி சரியாக வரும்.

இனி பெயின்ட். எனாமலை விட்டுவிட்டு அக்ரிலிக்குக்கு வாருங்கள். கைவினைக் கடைகளில் கிடைக்கும் மேட் அக்ரிலிக்கே போதும். வெள்ளை அல்லது வெளிர் சாம்பல் பிரைமர் ஒரு கோட், பிறகு தண்ணீர் கலந்து மெல்லிய கோட்களாக இரண்டு மூன்று. ஒரே தடவையில் மூட நினைத்தால் பிரஷ் கோடு நிற்கும். சுவருக்கு முதல் பூச்சில் ஒரு சிட்டிகை டால்கம் பவுடரைக் கலந்தால் சுண்ணாம்படித்த சொரசொரப்பு கிடைக்கும். நிறத்தை எப்போதும் நிஜத்தைவிட ஒரு படி வெளிறியே கலக்குங்கள். மாடலை இரண்டடி தள்ளி நின்று பார்ப்பது நிஜக் கட்டடத்தை ஐம்பது மீட்டருக்கு மேல் தள்ளி நின்று பார்ப்பதற்குச் சமம். அந்தத் தூரத்தில் எந்த நிறமும் கொஞ்சம் மங்கித்தான் தெரியும். மஞ்சளோ, காவியோ, புட்டியில் இருக்கிறபடியே அடித்தால் பொம்மைத்தனம் வருவதற்கு இதுவே காரணம். ஸ்பிரே பயன்படுத்தினால் மழை நாளில் வேண்டாம், ஈரக் காற்றில் பூச்சு வெளுத்துவிடும். தெர்மாகோல் பக்கத்தில் இருந்தால் அதையும் நகர்த்திவிடுங்கள், ஸ்பிரேயின் கரைப்பான் அதைத் தின்றுவிடும்.

பெயர்ப்பலகையைக் கையால் எழுத முயற்சிக்க வேண்டாம். மஞ்சள் பின்னணி, கறுப்பு எழுத்து, தமிழ், இந்தி, ஆங்கிலம், கீழே கடல் மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம் என்ற வரி. கம்ப்யூட்டரில் செய்து பிரின்ட் எடுங்கள். வெட்டிய காகிதத்தின் வெள்ளை ஓரத்தில் மஞ்சள் தொட்டுவிட மறக்காதீர்கள், அந்த மயிரிழை வெள்ளையே காட்டிக்கொடுத்துவிடும்.

அழுக்கு ஏற்றுவதில்தான் நிறையப் பேர் கை மீறுகிறார்கள். கறுப்பைக் கரைத்துக் கட்டடம் முழுக்க ஊற்றுவது வேண்டாம். ஒவ்வொரு கறைக்கும் ஒரு காரணம் இருக்கிறதா என்று கேளுங்கள். சன்னல் படியின் இரு முனையிலிருந்தும் மழைத்தண்ணீர் வழியும், ஆகவே அங்கே செங்குத்தாக ஒரு கோடு. இறவாரத் தண்ணீர் தரையில் விழுந்து தெறிக்கும், ஆகவே சுவரின் அடியில் ஒரு சாண் உயரத்துக்குச் செம்மண் நிறம். மாடலில் அது இரண்டரை மி.மீ.தான். டிக்கெட் சன்னலுக்குக் கீழே கைபட்ட கருமை. நடைமேடைத் தூணின் அடியில் வெற்றிலைக் கறை, இரண்டு புள்ளி போதும், அதற்கு மேல் வேண்டாம். அடர் பழுப்பு அக்ரிலிக் ஒரு பங்குக்குத் தண்ணீர் பத்துப் பங்கு, அதில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம். சோப்பு இருந்தால் கரைசல் திட்டாக நிற்காமல் இடுக்குகளுக்குள் ஓடும். தூசிக்கு சாஃப்ட் பேஸ்டல் குச்சியை உப்புத்தாளில் தேய்த்தெடுத்த பொடி நல்லது. நிஜ மண்ணைச் சலித்துப் போட விரும்பினால் முதலில் காந்தத்தை அதன்மேல் ஓட்டுங்கள். இரும்புத் துகள் இருந்தால் இன்ஜின் மோட்டாருக்குள் போய் ஒட்டிக்கொள்ளும். எல்லாம் முடிந்ததும் மேட் வார்னிஷ். அது பொடியைக் கொஞ்சம் மங்க வைக்கும் என்பதால் ஒரு பிடி கூடுதலாகவே போட்டுக்கொள்ளலாம்.

உள்ளே விளக்கு வைப்பதானால் கூரை போடுவதற்கு முன் சுவரின் உள்பக்கத்தைக் கறுப்பாக அடித்து, அதன்மேல் வெள்ளை அடியுங்கள். இல்லாவிட்டால் வெளிச்சம் சுவர் வழியாகவே கசியும். 12 வோல்ட்டுக்கு வார்ம் ஒயிட் எல்.ஈ.டி. ஒன்றோடு 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் பாதுகாப்பானது. சின்ன ஸ்டேஷனுக்கு அந்த வெளிச்சமே அதிகம் என்பதால் நான் 4.7 கிலோ ஓம் போடச் சொல்வேன்.

வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள் என்பது என் தனி ஆலோசனை. கேட் கீப்பர் அறையை முதலில் செய்யுங்கள். 3 மீட்டர் சதுர அறை முப்பத்தைந்து மி.மீ.கூட வராது, பிடிக்காவிட்டால் மறுபடி செய்யலாம். அடுத்தது கூட்ஸ் ஷெட். ஸ்டேஷன் கடைசியில் வரட்டும். அதற்குள் கூரை வேலையும் பெயின்ட் வேலையும் கைக்குப் பழகியிருக்கும்.

வளைந்த பழைய கட்டடத்தையும் தூக்கிப் போடவேண்டாம். கூரையைக் கழற்ற முடிந்தால் உள்பக்க அட்டையை ஈரத்துணியால் லேசாகத் துடைத்து, சுவரை நேராக்கி, எடை வைத்து இரண்டு நாள் காயவிடுங்கள். நேரானதும் சன்போர்டு பட்டைகளைக் குறுக்கே ஒட்டி, உள்பக்கம் முழுக்க வார்னிஷ் பூசுங்கள். எனாமலின் பளபளப்பை 600 நம்பர் உப்புத்தாளால் மழுக்கிவிட்டால் அதன்மேல் பிரைமரும் அக்ரிலிக்கும் பிடிக்கும். சுவர் நேராக வரவில்லை என்றால் லேஅவுட்டின் பின்வரிசையில், ஒரு வேப்பமரத்துக்குப் பின்னால், ரயில்வே குவார்ட்டர்ஸாக வைத்துவிடலாம். எங்கே வைத்தாலும் அடிச்சுவரைச் சுற்றி மண் நிரப்பி இடைவெளியை மூடிவிடுங்கள். கட்டடத்துக்கு அடியில் கறுப்பாக ஒரு நிழல்கோடு தெரிந்தால் அது தரையில் எழும்பியதாகத் தெரியாது, கொண்டுவந்து வைத்ததாகத்தான் தெரியும்.