பழைய கைத்துப்பாக்கிக்கு ராணுவத் தோட்டா: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: டெக்சஸில் இருக்கும் என் அண்ணன் பழைய மௌசர் சி96 கைத்துப்பாக்கி ஒன்றை உரிமத்தோடு இருக்கும் கடையில் வாங்கியிருக்கிறார். ராணுவம் கழித்துவிட்ட டோக்கரேவ் தோட்டா மலிவாகக் கிடைக்கிறதாம், குழலின் பின்னால் தோட்டா உட்காரும் அறையில் கச்சிதமாகப் பொருந்துகிறதாம். சுடலாமா? அடுத்த மாதம் நானும் அங்கே போகிறேன்.
– வாசகர், ஈசூன்

சுடக் கூடாது. இன்றே அவரிடம் சொல்லிவிடுங்கள்.

பொருந்துவதில் வியப்பில்லை. மௌசரின் 7.63×25 (குண்டின் விட்டம், உறையின் நீளம், மி.மீ.இல்) தோட்டாவை அடிப்படையாக வைத்துத்தான் ரஷ்யர்கள் 7.62×25 டோக்கரேவை உருவாக்கினார்கள். அளவு ஏறக்குறைய ஒன்றே, உள்ளே இருக்கும் அழுத்தம்தான் வேறு. டோக்கரேவ் தோட்டா பிபிஎஸ்ஹெச்-41 போன்ற இயந்திரத் துப்பாக்கிகளுக்கும் போனது, அதனால் வேகமாகச் சுடும்படி நிரப்பப்பட்டது. சி96-இல் அறையின் பின்புறத்தை மூடும் இரும்புத் தண்டான போல்ட் சுட்டதும் பின்னால் வரும், அதைத் தடுத்து நிறுத்துவது சின்ன இரும்புத் துண்டு ஒன்றுதான். நூறு வயதைத் தொட்ட அந்தத் துண்டு உடைந்தால், போல்ட் பாயும் திசையில் இருப்பது சுடுபவரின் முகம். 7.63 மௌசர் என்றே அச்சிட்டு வரும் புதிய தோட்டாவைத்தான் அவர் வாங்க வேண்டும். செர்பியாவின் பிர்வி பார்ட்டிசான் அதைத் தயாரித்திருக்கிறது.

இன்னொன்று. பிடியில் சிவப்பு 9 செதுக்கிய சி96 இருக்கிறது, அது 9×19 பராபெல்லத்துக்கானது. ஆனால் பிடியை யாரும் மாற்றிப் பூட்டலாம். பிடியை நம்பாமல், துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துக் குழலையும் அறையையும் அளக்கச் சொல்லுங்கள்.

இதே ஆபத்து இத்தாலியின் 1910 மாடல் கிளிசென்டியிலும் உண்டு. 9 மி.மீ. பராபெல்லம் அதற்குள் நுழையும், ஆனால் அதன் உடற்பகுதி அந்த அழுத்தத்துக்குக் கட்டப்பட்டதல்ல.

கேள்வி: லூகர், வால்தர் பி38 போன்றவற்றுக்கு 9 மி.மீ. ராணுவத் தோட்டா வாங்கும்போது என்ன பார்க்க வேண்டும்?
– வாசகர், தெம்பனிஸ்

முதலில் பெட்டி. முத்திரை உடையாத தகரப் பெட்டியில் அளவு, தயாரிப்பு வரிசை எண், ஆண்டு மூன்றும் இருக்க வேண்டும். பையில் கொட்டிக் கலந்து விற்பதை, எவ்வளவு மலிவானாலும், விட்டுவிடுங்கள்.

அடுத்து எந்தத் துப்பாக்கிக்காகச் செய்யப்பட்டது என்பது. 9 மி.மீ. என்று எழுதியிருந்தாலும் சில ராணுவங்கள் இயந்திரத் துப்பாக்கிக்கென்றே காரமாக நிரப்பின. பிரிட்டிஷ் ராணுவத்தின் எல்7ஏ1 அப்படிப்பட்டது, பழைய பிஸ்டலுக்கு ஆகவே ஆகாது. போர்க்கால ஜெர்மன் தோட்டாவில் குண்டு கறுப்பாக இருந்தால் உள்ளே இரும்பு மையம் என்று பொருள். சுடுதளங்கள் காந்தம் வைத்துப் பார்த்து அதை மறுத்துவிடும்.

பிறகு ஒவ்வொன்றாகத் துடைத்து வெளிச்சத்தில் பாருங்கள். உறையின் கழுத்தில் மயிரிழை விரிசல், தடித்த பச்சைக் களிம்பு, விரலால் அழுத்தினால் உள்ளே போகும் குண்டு, இவற்றில் ஒன்று இருந்தாலும் ஒதுக்குங்கள். குண்டு உள்ளே இறங்கினால் மருந்துக்கு இடம் குறைந்து அழுத்தம் எகிறும். பெட்டியைத் திறந்ததும் புளித்த அமில நெடி அடித்தால் மருந்தே சிதைகிறது, முழுப் பெட்டியையும் சுடுதளத்திடம் ஒப்படைக்க வேண்டியதுதான்.

பின்னடைவைத் தாங்கும் சுருள்கம்பியைப் புதிதாக மாற்றிய பிறகே சுட வேண்டும். முதலில் ஒரே தோட்டா. உறையை எடுத்துப் பாருங்கள்: அடியில் மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர் தட்டையாக நசுங்கியிருந்தாலோ உறை வீங்கியிருந்தாலோ அங்கேயே நிறுத்துங்கள். சரியாக இருந்தால் இரண்டு, அதன் பிறகுதான் மேகசின் நிறைய. தேய்ந்த பழைய துப்பாக்கி ஒரு இழுப்பில் இரண்டு சுடுவது உண்டு, அதற்காகத்தான் இந்தப் படிகள்.

விசையை இழுத்தும் வெடிக்கவில்லையா? குழலை இலக்கை நோக்கியே வைத்து 30 வினாடி காத்திருங்கள், பழைய பிரைமர் தாமதமாகப் பற்றலாம். ‘பொத்’ என்று மெல்லிய சத்தம் வந்தால் குண்டு குழலிலேயே சிக்கியிருக்கக்கூடும். அடுத்ததைச் சுட்டால் குழல் பிளக்கும். தோட்டாக்களை எடுத்துவிட்டுக் குழலில் கம்பி விட்டுப் பாருங்கள்.

கேள்வி: சிங்கப்பூர் போலீசில் இருந்த தாத்தா, பாதுகாப்புப் பூட்டு வைத்த வெப்லி ரிவால்வர் வைத்திருந்ததாகச் சொல்வார். ரிவால்வருக்குப் பூட்டு உண்டா? அதில் இன்றைய .38 ஸ்பெஷல் போகுமா?
– வாசகி, உட்லண்ட்ஸ்

உண்டு, தாத்தா சொன்னது சரி. நம் போலீஸ் வெப்லிகளில் அந்த அபூர்வப் பூட்டு இருந்தது. 1970களில் அவற்றின் இடத்துக்கு ஸ்மித் அண்ட் வெசன் மாடல் 10 வந்தது.

தோட்டா வேறு. வெப்லி மார்க் 4-க்கு உரியது .38/200: குட்டையானது, பருமனானது, உறை 20 மி.மீ.கூட இல்லை. ஸ்பெஷலின் உறை 29 மி.மீ., ஒல்லி. ஒழுங்கான வெப்லியில் அது முழுதாக நுழையாது. நுழைந்தால் யாரோ அறையைக் குடைந்திருக்கிறார்கள், சுட்டால் உறை வீங்கும் அல்லது பிளக்கும். .455 வெப்லியின் பின்புறத்தைச் செதுக்கி .45 ஏசிபி போட்டதும் இதைவிட மோசமான வேலை. ஏசிபியின் அழுத்தம் அந்த இரும்புக்கு மிக அதிகம்.

கேள்வி: ராணுவத் தோட்டா சுட்டால் குழல் துருப்பிடிக்கும் என்கிறார்களே?
– வாசகர், ஜூரோங்

பழைய பிரைமரில் பொட்டாசியம் குளோரேட் உண்டு. வெடித்ததும் அது பொட்டாசியம் குளோரைடாக, அதாவது உப்பாக மாறிக் குழலில் படியும். உப்பு ஈரத்தை இழுக்கும், நம் ஊர்ப் புழுக்கத்தில் ஒரே இரவு போதும். எண்ணெய் உப்பைக் கரைக்காது, மூடி மட்டும் வைக்கும். கரைப்பது தண்ணீர்தான். சுட்ட அன்றே சோப்பு கலந்த சுடுநீரால் குழல், அறை, போல்ட் முகம், ஊசித் துளை எல்லாவற்றையும் கழுவி, நன்றாக உலர்த்தி, அதன் பிறகு எண்ணெய் பூசுங்கள். மறுநாளும் வெள்ளைத் துணி விட்டுப் பாருங்கள். மரப்பிடியைக் கழுவும் முன் கழற்றிவிடுங்கள்.

கேள்வி: வெளிநாட்டில் சுட்ட உறை ஒன்றை நினைவாகக் கொண்டுவரலாமா? வீட்டுப் பழைய டிரங்குப் பெட்டியில் தோட்டா ஒன்றும் இருக்கிறது.
– வாசகர், அங் மோ கியோ

காலி உறையானாலும் போலீஸ் அனுமதி இல்லாமல் கொண்டுவராதீர்கள். உயிருள்ள தோட்டா என்றால், உரிமமின்றி வைத்திருப்பதற்குச் சிங்கப்பூரின் ஆயுதக் குற்றச் சட்டத்தில் 5 முதல் 10 ஆண்டு சிறை, குறைந்தது 6 பிரம்படி. திரும்பும் முன் பையின் ஒவ்வொரு அறையையும் உதறிப் பாருங்கள், கால்சட்டைப் பையையும் சேர்த்து. தேசிய சேவை செய்தவர்களுக்கு இது பழக்கம்தான். அங்கே ஒரு உறை குறைந்தாலும் தேடல் நிற்காது.

டிரங்குப் பெட்டியில் இருப்பதைத் தொட வேண்டாம், துடைக்க வேண்டாம், போலீஸ் நிலையத்துக்கு எடுத்துப் போகவும் வேண்டாம். அறையைப் பூட்டிக் குழந்தைகளை விலக்கிவிட்டு 999-ஐ அழையுங்கள். அப்பர் புக்கிட் தீமாவில் 2023 செப்டம்பரில் கிடைத்த 100 கிலோ போர்க்கால வெடிகுண்டை ராணுவ நிபுணர்கள்தான் அங்கேயே பாதுகாப்பாக வெடிக்கவைத்து அழித்தார்கள். உங்கள் பெட்டியில் இருப்பது எவ்வளவு சின்னதானாலும் அழைக்க வேண்டிய எண் அதுவே.